பெயர்நாளுக்கு வந்தவள்

என் அம்மாவுக்கு என்மேல் என்ன கோபமோ தெரியவில்லை, எனக்கு டாக்மாரா என்று பெயர் வைத்துவிட்டாள். எங்கள் நாட்காட்டியில் ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் இரண்டு மூன்று பெயர்கள் அச்சடித்திருக்கும்; அந்தப் பெயர்க்காரர்களுக்கு அது பெயர்நாள். டாக்மாராவுக்கு மார்ச் எட்டு. அதாவது பெண்கள் தினம். அதாவது, டூலிப் பயிரிட்டுப் பிழைக்கிறவளுக்குச் சாகக்கூட நேரமில்லாத நாள்.

அன்றைக்கு மட்டும் லாட்வியாவின் ஆண்களுக்கு மனைவி, தாய், மாமியார், மேலதிகாரி, மகனின் கணக்கு டீச்சர் என்று எல்லாப் பெண்களும் ஒன்றாக நினைவுக்கு வருவார்கள். வெளியே ஆற்றில் இன்னும் பனிக்கட்டி மிதந்துகொண்டிருக்கும், வயலில் மருந்துக்குக்கூடப் பச்சை இராது. ஆனாலும் ஒவ்வொருவன் கையிலும் டூலிப் இருந்தாக வேண்டும். இலையுதிர் காலத்திலேயே நாங்கள் கிழங்குகளைக் குளிர் அறையில் அடுக்கி, பதினைந்து வாரம் பொய்யாக ஒரு குளிர்காலத்தைக் காட்டுவோம். பிறகு பசுமைக்குடிலுக்குள் கொண்டுவந்து மூன்று வாரம் பொய்யாக ஒரு வசந்தத்தைக் காட்டுவோம். எட்டாம் தேதிக்குச் சரியாக மொட்டில் நிறம் ஏற வேண்டும். பத்தாம் தேதி ஏறினால் எருக்குழிக்குத்தான்.

முப்பது வருடமாக என் பெயர்நாளை நான் ரீகா பூச்சந்தையில்தான் கழித்திருக்கிறேன், ரப்பர் காலணிக்குள் இரண்டு ஜோடிக் காலுறை போட்டுக்கொண்டு. யெல்கவாவுக்கு வெளியே இருக்கும் என் வீடு அன்று பூட்டிக் கிடக்கும்.

பெயர்நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. அழைத்தால் கேவலம். பிறந்தநாளுக்கு அழைக்கலாம், பெயர்நாளுக்கு, நினைவு வைத்திருக்கிறவர்கள் தாங்களாக வருவார்கள். வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் கிடையாது. ஜென்ம விரோதியே வந்து நின்றாலும் அவன் கோட்டை வாங்கி மாட்டி, காபி ஊற்றிக் கொடுத்தே ஆக வேண்டும்.

மறுநாள், மார்ச் ஒன்பது, ஏவல்ட்ஸின் பெயர்நாள். ஏவல்ட்ஸ் என் தம்பி, எனக்கு ஆறு வயது இளையவன். நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது அம்மா இருவருக்கும் சேர்த்து ஒரே க்ளிங்கெரிஸ்தான் சுடுவாள். குங்குமப்பூவும் உலர்திராட்சையும் போட்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நிற்பது மாதிரி முறுக்கிச் சுட்ட பெரிய இனிப்பு ரொட்டி. பாதி எனக்கு, மீதிப் பாதியைத் துணியால் மூடி அவனுக்கு வைப்பாள். நான் அந்தப் பாதியிலும் ஓரத்தைக் கிள்ளித் தின்றுவிடுவேன். அம்மா கேட்டால், எலி தின்றுவிட்டது என்பான் அவன். எங்கள் வீட்டில் எலியே கிடையாது.

ஏழு வருடமாக அவனோடு எனக்குப் பேச்சு இல்லை.

குடிலை இருவருமாகத்தான் கட்டினோம். அவன் இருந்தவரை எங்களுக்குக் கருவி எதுவும் தேவைப்பட்டதில்லை. மொட்டைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பார்த்து, "இது வியாழக்கிழமை", "இது சோம்பேறி, சனிக்கிழமைதான் வரும்" என்பான். அப்படியே நடக்கும். இப்போது என்னிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதுவும் சரியாகத்தான் சொல்கிறது. ஆனால் அது வேலை செய்துகொண்டே விசில் அடிக்காது. மதியம் என் ரொட்டியிலிருந்து பன்றிக்கறித் துண்டைத் திருடாது. இத்தனை வருடத்துக்குப் பிறகும், பெட்டியைத் தூக்கும்போது, "ஏவல்ட்ஸ், அந்தப் பக்கம் பிடி" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அந்தப் பக்கம் யாரும் இருப்பதில்லை.

நடந்தது இதுதான். ஏழு வருடத்துக்கு முந்திய இலையுதிர் காலத்தில், உறைபனி வரப்போகிறது என்று வானொலி சொன்னது. அவன் தன் மாமனார் தோட்டத்திலிருந்து ஏழு பெட்டி ஆப்பிளைக் கொண்டுவந்து எங்கள் குளிர் அறையில் இரண்டு ராத்திரி வைத்துவிட்டான். கிழங்கு இருக்கிற அறையில் ஆப்பிளை வைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் கைக்குழந்தைக்கும் தெரியும். பழுக்கிற ஆப்பிளின் மூச்சு பட்டால் கிழங்குக்குள் இருக்கும் பிஞ்சு மொட்டு கருகிப்போகும். வெளியே எதுவும் தெரியாது. வேர் விடும், இலை விடும், ராஜா மாதிரி நிமிர்ந்து நிற்கும். மார்ச்சில் இலையை விலக்கிப் பார்த்தால் உள்ளே காகிதம்போல ஒரு வெள்ளைச் சருகு இருக்கும். நாங்கள் அதைக் குருடு என்போம்.

அந்த மார்ச்சில் பத்துக்கு எட்டு குருடு.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். அன்று வந்தது கோபம்கூட இல்லை, அதற்கு அப்பன். பூக்களைக் கட்டுக் கட்டுகிற மேசையருகே, வேலைக்காரப் பெண்கள் ஆறு பேரும் கேட்கக் கேட்க அவனிடம் சொன்னேன்: "உன் பொண்டாட்டி வீட்டு ஆப்பிளுக்காக என் பயிரைக் காவு குடுத்துட்ட. உனக்கு அம்மா போட்ட ரொட்டியே தண்டம். சாவிய வெச்சுட்டுப் போயிடு."

"ரெண்டு ராத்திரிதான்க்கா. காத்தாடி ஓடிட்டேதான் இருந்துச்சு."

"சாவிய வை."

வைத்தான். "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு சண்டை போட்டிருந்தால்கூட இந்த ஏழு வருடம் கொஞ்சம் எளிதாகக் கழிந்திருக்கும். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா?

கதை அதோடு முடிந்திருந்தால் நான் நல்லவளாகவே இருந்திருப்பேன். இரண்டு வருடம் கழித்து, பூ வளர்ப்பவர்களின் குளிர்காலக் கூட்டத்தில், பௌஸ்காவிலிருந்து வந்த ஒரு தாடிக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து சூப் குடித்தார். பேச்சுவாக்கில், தனக்கும் அதே வருடம் பயிர் பூராவும் குருடாகிவிட்டது என்றார். அதே வியாபாரி, அதே சரக்கு. "என் குளிர் அறைல ஆப்பிள் என்ன, ஆப்பிள் படம்கூடக் கிடையாதும்மா" என்றார். கிழங்கிலேயே அழுகல் நோய் இருந்திருக்கிறது. அழுகுகிற கிழங்கும் ஆப்பிள் மாதிரியே மூச்சு விடும்.

அந்தச் சரக்கை வாங்கியது நான். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினேன். ஏவல்ட்ஸ் ஒரு கிழங்கை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "வேண்டாம்க்கா, புளிச்ச வாடை வருது" என்றான். "உன் மூக்கைக் கேட்டு நான் தொழில் பண்ண முடியாது" என்று சொன்னது இப்போதும் காதில் கேட்கிறது.

தெரிந்த அன்றே வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. முதலில் நடவு என்றேன், பிறகு அறுவடை என்றேன், பிறகு இவ்வளவு நாள் கழித்து எந்த முகத்தோடு போவது என்றேன். தப்பை ஒப்புக்கொள்ள எனக்கு வராது. வந்திருந்தால் என் கல்யாணம்கூட நிலைத்திருக்கும். அப்படியே ஐந்து வருடம் ஓடிவிட்டது. ஆனால் அவனைத் தேடாத நாள் இல்லை. குடிலில் முதல் மொட்டு நிறம் காட்டுகிற அன்று, அதை யாரிடம் காட்டுவது என்று திரும்பிப் பார்ப்பேன்.

எனக்கு மானம் போகாத வழி ஒன்றுதான் தெரிந்தது. என் பெயர்நாளுக்கு அவன் தானாக வந்துவிட்டால், யாரும் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம். கோட்டை வாங்குவேன், காபி ஊற்றுவேன், முடிந்தது. ஆனால் பெயர்நாளன்று என் வீடுதான் பூட்டிக் கிடக்குமே.

இந்த வருடம் மார்ச் எட்டு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. சனிக்கிழமை மாலை குடிலில் பூப் பிடுங்கிக் கொண்டிருந்தபோது வெல்டாதான் பேச்சை எடுத்தாள். வெல்டா இருபது வருடமாக என்னிடம் வேலை செய்கிறாள். இருபது வருடமாக என்னைத் திட்டுகிறாள்.

"ஆபீஸ்காரன்லாம் நேத்தே வாங்கிட்டுப் போயாச்சு" என்றாள். "ஞாயித்துக்கெழம வர்றவன் மறந்துபோனவன். மறந்துபோனவன் பேரம் பேச மாட்டான், கைல கெடச்சதப் புடுங்கிட்டு ஓடுவான். அதுக்கு நான் ஒருத்தி போதும். நீ வீட்ல இரு."

"வீட்ல இருந்து என்னத்தப் பண்ண?"

"மகாராணி மாதிரி உக்காரு. பேர்நாள் இல்ல உனக்கு?"

"யார் வரப்போறா?"

வெல்டா ஒரு கட்டுக்கு ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "யார் வரணும்னு இருக்கியோ, அவன் பேரை இந்த ஏழு வருஷத்துல ஒரு தடவ வாய்விட்டுச் சொல்லிருப்பியா நீ?"

"வேலையப் பாரு."

"பாத்துட்டுத்தான இருக்கேன். வாய் சும்மாதான இருக்கு."

ஞாயிறு விடிந்ததும் வெல்டா வண்டியோடு ரீகாவுக்குப் போனாள். முப்பது வருடத்தில் முதல் தடவையாக நான் எட்டாம் தேதி அடுப்பைப் பற்றவைத்து க்ளிங்கெரிஸ் சுட்டேன். அம்மாவுடையது போல வரவில்லை, ஒரு பக்கம் வீங்கிவிட்டது. மேசைக்கு வெள்ளைத் துணி விரித்தேன். தட்டுகளை வைத்தேன். பிறகு ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன், குளிர் காய்வதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு. ஜன்னல் பக்கம்தான் வீட்டிலேயே அதிகக் குளிர்.

பத்து மணிக்கு ஒரு கார் சத்தம் கேட்டது. எழுந்தே விட்டேன். தபால்காரி பிருதாவும் அவள் கணவனும்.

"பொகபோக்கில பொக வந்துச்சு" என்று பிருதா வாசலிலேயே கத்தினாள். "நம்ம டாக்மாரா வீட்லயா இருக்கா, செத்துகித்துப் போயிட்டாளான்னு பாக்க வந்தோம். பேர்நாள் வாழ்த்துக்கள்டீ!"

கையில் ஒரு டூலிப் கட்டு. பேரங்காடி ஒட்டிய விலைச்சீட்டு இன்னும் அதில் இருந்தது. ஹாலந்துப் பூ.

"கொல்லன் தெருவுலயே ஊசி விக்க வந்துட்டியா?" என்றேன்.

"ஐயோ, உன்னோடதுன்னு நெனச்சுல்ல வாங்கினேன்!"

"என்னோடது இப்படிக் கழுத்து தொங்குமா?"

மூவரும் சிரித்தோம். நான் அந்தத் தொங்கிய கழுத்துகளைச் செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றித் தண்ணீரில் நிறுத்தினேன். அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பால் பண்ணைக்காரர், பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள், பேச்சுக்கூட அதிகம் வைத்துக்கொள்ளாத எதிர்வீட்டுத் தம்பதி. மொத்தம் பதினான்கு பேர். என் பெயர்நாளை இவர்களெல்லாம் இத்தனை வருடமும் நினைவு வைத்திருந்து, பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார்கள். மகிழ்ச்சியாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் என் கழுத்து திரும்பியதை அவர்கள் கவனித்திருப்பார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். ஒரு தட்டு மட்டும் அழுக்காகாமல் அப்படியே இருந்தது.

ஆறரைக்கு வெல்டா காலி வண்டியோடு வந்து சேர்ந்தாள். காலணியைக் கழற்றிவிட்டு, மீதி ரொட்டியில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு மேசையைப் பார்த்தாள்.

"வரல" என்றாள்.

"துகும்ஸ்லேருந்து இவ்வளவு தூரம் அவன் எதுக்கு வரணும்? நான் வீட்ல இருக்கேன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுல்ல. அப்புறம் எதுக்கு நாள் பூரா ஜன்னலக் காவல் காத்த?" ரொட்டியை மென்று விழுங்கினாள். "நாளைக்கு யாருக்குப் பேர்நாள்?"

நான் தட்டுகளை அடுக்கினேன்.

"ஏழு வருஷமா ஒன்பதாந்தேதி அவன் வீட்டுக் கதவும் தொறந்துதான் கெடந்துச்சு. ஒரு தடவயாவது எட்டிப் பாத்தியா?"

"ஒன்பதாந்தேதி நான் பொணம் மாதிரித் தூங்குவேன், உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அவனுக்கும் தெரியும். நல்ல சாக்கு" என்றாள் வெல்டா. "இந்த வருஷம் அந்தச் சாக்கும் இல்ல. நாள் பூரா உக்காந்துதான இருந்த."

மறுநாள் காலை குடிலில் போய்ப் பார்த்தேன். பிந்திப்போன ஒரு பெட்டியில் மட்டும் பூ மிச்சம் இருந்தது. உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை, கல்லறைக்குத்தான் இரட்டைப்படை. பதினொன்று எண்ணி எடுத்தேன். தப்பிவிடக் கூடாதென்று மறுபடி எண்ணினேன்.

ஏவல்ட்ஸ் துகும்ஸில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறான். மாலை நான் போனபோது அவன் வீட்டு வாசலில் மூன்று கார்கள் நின்றன. கதவைத் திறந்தது ரஸ்மா, அவன் மனைவி. யாருடைய அப்பாவின் ஆப்பிளை ஆறு பேர் முன்னால் நான் இழுத்தேனோ, அவள். அவள் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு ஒதுங்கி வழிவிட்டாள், என் கோட்டை வாங்கி மாட்டினாள். வேறு என்ன செய்ய முடியும் அவளால்?

உள்ளே மேசையைச் சுற்றி நாலைந்து ஓட்டுநர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏவல்ட்ஸ் எழுந்து நின்றான். தலை நரைத்துப்போயிருந்தது. ஐம்பத்திரண்டு வயதுக்கு அவ்வளவு நரை இருக்கக் கூடாது.

"வாங்க" என்றான். "உக்காருங்க."

பிறந்ததிலிருந்து அவன் என்னை மரியாதை போட்டுக் கூப்பிட்டதே இல்லை. குழந்தையில் அவன் முதலில் பேசிய வார்த்தையே "டாகா"தான். என் பெயரில் பாதி அது. அவனுக்கு முழுப்பெயர் வராது. நான் யாரோ ஒருத்தியைப் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். ரஸ்மா காபி ஊற்றினாள். அவன் பூவை வாங்கித் தண்ணீரில் வைத்தான். வைக்கும்போது அவன் கட்டைவிரல் ஒரு மொட்டைத் தொட்டு அழுத்தியது. என்ன கிழமை என்று சொல்வான் என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

"ஏவல்ட்ஸ், உங்க அக்கா பெரிய டூலிப்காரியாமே!" என்றார் ஒரு குண்டு ஓட்டுநர். "நீ என்னடான்னா மார்ச் எட்டுக்கு எங்க பொண்டாட்டிகளுக்கு ஒரு எலைகூடக் குடுத்தது இல்ல. கஞ்சப்பய!"

"எனக்குப் பூ ஒத்துக்காது" என்றான் ஏவல்ட்ஸ். "தும்மல் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாயில் ரொட்டி மண்ணாக இருந்தது.

அவர்கள் கிளம்ப ஏழு மணி ஆயிற்று. ரஸ்மா தட்டுகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள், நாங்கள் பேசட்டும் என்று. மேசைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான்.

"ஏவல்ட்ஸ், அன்னைக்கு ஆப்பிளால இல்ல" என்றேன். வீட்டிலிருந்து வண்டியில் வரும்போது இதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ வாக்கியம் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"தெரியும்" என்றான்.

"தெரியுமா? எப்பலேருந்து?"

"நீங்க சாவிய வாங்கின அன்னைக்கே. போறப்ப எருக்குழில கெடந்த கிழங்க நாலஞ்சு எடுத்துட்டுப் போயி வெட்டிப் பாத்தேன். உள்ள பூரா அழுகல்."

"அப்பவே கொண்டுவந்து என் மூஞ்சில எறிஞ்சிருக்கலாமே!"

"எறிஞ்சிருக்கலாம்." மேசைத்துணியின் மடிப்பை விரலால் தேய்த்துக்கொண்டே பேசினான். "அந்தக் கிழங்க வாங்கினது நீங்க. பயிரும் போயி, அதுக்குக் காரணமும் நீங்கதான்னு அந்த வாரமே தெரிஞ்சிருந்தா, உங்களால எந்திரிச்சிருக்க முடியாது. என் மேல கோவம் இருந்தா அந்த வேகத்துலயாவது அடுத்த பயிர் வெப்பீங்க. அதான் சும்மா இருந்துட்டேன். என்னைக்காவது உங்களுக்கே தெரியவரும், அன்னைக்கு வருவீங்கன்னு நெனச்சேன்." முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தான். அந்தப் பார்வையில் பழைய ஏவல்ட்ஸ் கொஞ்சம் இருந்தான். "வந்துட்டீங்கல்ல. எப்பத் தெரிஞ்சுச்சு?"

போன வாரம் என்று சொன்னால் போதும். ஒரே ஒரு பொய். அவன் அந்தப் பொய்க்கு இடம் விட்டு, நாற்காலி போட்டு வைத்திருந்தான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றிருந்தது.

"அஞ்சு வருஷம் ஆச்சு" என்றேன்.

அவன் மேசைத்துணி மடிப்பிலிருந்து விரலை எடுத்தான். பிறகு எழுந்து போய் என் கோட்டைக் கொண்டுவந்தான், நான் கையை நுழைக்க வசதியாக விரித்துப் பிடித்தான்.

"பேர்நாளுக்கு வந்ததுக்கு ரொம்ப நன்றி" என்றான்.

துகும்ஸைத் தாண்டியதும் வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு அழுதேன். அம்மா செத்தபோதுகூட அப்படி அழுததில்லை. என்னால் முடிந்த ஒரே உண்மையைச் சொன்னேன், அதுவும் கடைசியில், அதுவும் தப்பான நாளில்.

ஆமாம், தப்பான நாள். மறுநாள் பிற்பகல் காலிப் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. ஒன்பதாம் தேதி அவனால் என்னைத் துரத்த முடியாது. அதனால்தான் அந்த நாளில் போனேன். ஐந்து வருடமாக நான் தேடியது தம்பியை மட்டும் இல்லை, என் முகத்தில் சாத்த முடியாத ஒரு கதவையும்தான். கையைக் கட்டிப்போட்டுவிட்டு ஒருத்தனிடம் மன்னிப்புக் கேட்டால் அவன் என்ன பதில் சொல்லுவான்?

குழாயை மூடிவிட்டு ரப்பர் கையுறையைக் கழற்றினேன்.

"எங்க கெளம்பிட்ட?" என்றாள் வெல்டா.

"துகும்ஸ்."

"பேர்நாள்தான் நேத்தோட முடிஞ்சு போச்சே."

"அதனாலதான்."

வெல்டா என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்து கையுறையை வாங்கிக்கொண்டாள்.

பூ எடுக்கவில்லை, ரொட்டி எடுக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது நாலரை மணி. பேருந்து வாசலில் நின்றது, அவன் வேலை முடித்து வந்துவிட்டான். பாதி மழையும் பாதி பனியுமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டினேன். ஜன்னல் திரை லேசாக விலகி மறுபடி மூடிக்கொண்டது. நான் யாரென்று உள்ளே தெரிந்துவிட்டது. ஆனால் கதவு திறக்கவில்லை. நான் நின்றேன். கழுத்துக்குள் தண்ணீர் இறங்கியது. திரும்பிப் போய்விடலாம் என்று கால் சொன்னது. மறுபடி தட்டினேன்.

கதவு பாதி திறந்தது. ஏவல்ட்ஸ் அதைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன?"

வாங்க இல்லை, உக்காருங்க இல்லை. எனக்கு அதுவே நிம்மதியாக இருந்தது.

"மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"நேத்தே கேட்டிருக்கலாமே."

"நேத்து உன்னால என்னை வெளிய தள்ள முடியாது. இன்னைக்கு முடியும்."

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், எனக்குத் தெரியும் அவனை. "முடியும்" என்றான்.

"தள்றதுன்னா தள்ளு. சொல்லிட்டுப் போறேன். அன்னைக்கு நான் பேசினது தப்பு. அம்மா ரொட்டியச் சொன்னது பெரிய தப்பு. தெரிஞ்சதுக்கப்புறம் அஞ்சு வருஷம் வாய மூடிட்டு இருந்தது அத விடப் பெரிய தப்பு. பயமா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். திமிரு. வேற ஒண்ணும் இல்ல." முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டேன். "மொட்டு நெறம் வந்தா காட்டறதுக்கு எனக்கு ஆள் இல்லடா."

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். கதவைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. பிறகு கையை எடுத்தான். திரும்பி உள்ளே நடந்து போய்விட்டான். கதவு பாதி திறந்தபடியே கிடந்தது, பனி வாசல் மிதியடிமேல் விழுந்துகொண்டிருந்தது.

உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது.

"கதவைச் சாத்துக்கா. சூடு போகுது."

எந்தப் பக்கம் நின்று சாத்த வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. நான் உள்ளே போய்ச் சாத்தினேன்.